சின்ன எக்கோ பெட்டிகளை ரேக்கில் மாட்ட, வீட்டிலேயே காது செய்யும் முறை

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறும் பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. ஒரு மே மாதம், மேலே கோயில் திருவிழாக் கச்சேரிக்காக வேனில் சாமான்களை ஏற்றிக்கொண்டு போனோம். மிக்ஸரும் ஆம்ப்ளிபயரும் ரேக் பெட்டிக்குள், அதாவது கருவிகளை ஒன்றின் மேல் ஒன்றாக மாட்டும் பெட்டிக்குள், ஸ்க்ரூ போட்டு அசையாமல் இருந்தன. எக்கோவுக்கும், சத்தத்தின் ஏற்ற இறக்கத்தைச் சமன்படுத்தும் காம்ப்ரஸருக்கும் வைத்திருந்த இரண்டு சின்னப் பெட்டிகளை மட்டும் ஆம்ப்ளிபயர் மேல் இரட்டைப் பக்க டேப்பில் ஒட்டியிருந்தேன். மேலே போய்க் கதவைத் திறந்தால் ஒன்று கவிழ்ந்து கிடந்தது. இன்னொன்றின் அடாப்டர் சாக்கெட் உடைந்து உள்ளே ஆடியது. அன்று இரவு பாடியவர்கள் எக்கோ இல்லாமலேயே பாடி முடித்தார்கள். திறந்தவெளியில், குளிர் காற்றில், மெல்லிசைப் பாட்டை அப்படிப் பாடுவது எவ்வளவு சிரமம் என்று பாடுகிறவர்களுக்குத் தெரியும்.

கீழே இறங்கிய மறுவாரமே அந்த இரண்டு பெட்டிகளுக்கும் அலுமினியத்தில் காது, அதாவது ரேக்கில் ஸ்க்ரூ போடப் பக்கவாட்டில் நீளும் தகடு, செய்து மாட்டினேன். அதன் பிறகு எத்தனையோ முறை அதே மலை ஏறிவிட்டேன், அவை இடம் விட்டு நகரவில்லை. சவுண்ட் சர்வீஸில் புதிதாக இறங்குகிறவர்கள், வீட்டில் சின்ன ரெக்கார்டிங் அறை வைத்திருக்கிறவர்கள், கீபோர்டு கிதார் வாசிக்கிறவர்கள் என்று யார் வேண்டுமானாலும் இதைச் செய்யலாம். ஹேக்ஸா, அரம், ட்ரில் மூன்றும் போதும்.

எந்தப் பெட்டிகளுக்கு இது தேவை

முழு அகல ரேக் கருவிகளுக்கு முன்பக்கத் தகடே இரண்டு பக்கமும் நீண்டிருக்கும். வாணலிக்குக் காது இருப்பதுபோல, அதில்தான் ஸ்க்ரூ ஏறும். அரை ரேக், மூன்றில் ஒரு பங்கு ரேக் என்று வந்த சின்னப் பெட்டிகளுக்கு இந்தக் காது கிடையாது. 1980-களில் வந்த பாஸ் மைக்ரோ ரேக் வரிசை, அலெசிஸ் மைக்ரோவெர்ப், லெக்சிகன் எல்.எக்ஸ்.பி.-1 எல்லாம் இந்த இனம். இவற்றில் பல இன்றும் பழைய சாமான் சந்தையில் கைமாறுகின்றன, சத்தமும் அருமையாக இருக்கிறது. ஆனால் இவற்றை ரேக்கில் மாட்டக் கம்பெனி தனியாக விற்ற சாமான்கள் பெரும்பாலும் இப்போது கிடைப்பதில்லை. அதனால் நாமே செய்துகொள்வதுதான் வழி.

முதலில் ரேக்கை அளக்க வேண்டும்

எல்லோரும் கருவியைத்தான் முதலில் அளக்கிறார்கள். ரேக்கிலிருந்து தொடங்குங்கள். 19 அங்குல ரேக் என்பது முன்தகட்டின் மொத்த அகலத்தைக் குறிக்கிறது, அதாவது 482.6 மி.மீ. இரண்டு பக்க ஸ்க்ரூத் துளைகளின் மையத்துக்கு மையம் 465.1 மி.மீ. ரேக்கின் இரு பக்கமும் நிற்கும், துளை போட்ட சட்டங்களுக்கு நடுவே கருவி நுழையும் திறப்பு சுமார் 450 மி.மீ. உயரத்தை 'யூ' என்று சொல்கிறோம். 1 யூ என்றால் 44.45 மி.மீ., நம் பட்டறைக் கணக்கில் ஒன்றே முக்கால் அங்குலம். மேலும் கீழும் இருக்கும் கருவிகளோடு உரசாமல் இருக்கத் தகட்டின் உயரத்தைக் கொஞ்சம் குறைத்து, 43.65 மி.மீ. என்று வெட்டுவார்கள்.

சட்டத்தில் மேலிருந்து கீழாக ஓடும் துளைகள் சம இடைவெளியில் இருக்காது. 15.9, 15.9, 12.7 என்று மாறி மாறி வரும். குறுகலான அந்த 12.7 மி.மீ. இடைவெளியின் நட்டநடுவில்தான் ஒரு யூ முடிந்து அடுத்த யூ தொடங்குகிறது. புதியவர்கள் வழக்கமாகத் தவறுவது இங்கேதான். இரண்டு யூக்களுக்குக் குறுக்காகக் காதைப் பொருத்திவிட்டு, அடுத்த கருவி ஏன் உட்காரவில்லை என்று குழம்புவார்கள். ஒரு யூவுக்குள் உள்ள மேல் துளைக்கும் கீழ்த் துளைக்கும் மையத்துக்கு மையம் 31.75 மி.மீ. இதை ஒரு துண்டுத் தாளில் எழுதிச் சுவரில் ஒட்டிவையுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நம் ஊரில் ஆசாரியிடம் பிளைவுட்டில் செய்துவாங்கிய ரேக் பெட்டிகள் நிறைய ஓடுகின்றன. அவற்றில் சட்டத்துக்குப் பதிலாகத் துளை போட்ட இரும்பு ஆங்கிளை அடித்திருப்பார்கள். அந்தத் துளைகள் மேலே சொன்ன அளவில் இருக்காது. உங்களுடையது அந்த மாதிரி என்றால் என் அளவுகளை விட்டுவிட்டு உங்கள் பெட்டியை அளந்து அதன்படி செய்யுங்கள். இல்லையென்றால் சரியான ரேக் சட்டம் ஒரு ஜோடி வாங்கி மாற்றிவிடுங்கள். இரண்டாவதுதான் எனக்குப் பிடித்தது. ஒரு முறை செலவு, பிறகு எந்தக் கருவியும் உட்காரும்.

கருவியின் அளவும் கணக்கும்

கால் ரப்பர்களைக் கழற்றிவிட்டு அகலம், உயரம், ஆழம் மூன்றையும் வெர்னியரில் எடுங்கள். டேப்பில் அளந்தால் ஒரு மில்லிமீட்டர் முன்பின் ஆகும், இந்த வேலையில் அது பெரிய தப்பு. பிறகு பக்கவாட்டில் ஸ்க்ரூ இருக்கிறதா என்று பாருங்கள். மேல் மூடியைப் பிடித்திருக்கும் அந்த ஸ்க்ரூக்கள்தான் நம் காதைத் தாங்கப்போகின்றன.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். தலா 218 மி.மீ. அகலமுள்ள இரண்டு பெட்டிகள் பக்கத்தில் பக்கத்தில் உட்காருகின்றன. நடுவில் 2 மி.மீ. சந்து. மொத்தம் 438. இதை 482.6-இல் கழித்தால் மிச்சம் 44.6, அதில் பாதி 22.3. ஆக, ஒவ்வொரு காதும் பெட்டியின் பக்கத்திலிருந்து 22.3 மி.மீ. வெளியே நீள வேண்டும். துளையின் மையம் காதின் வெளி விளிம்பிலிருந்து 8.75 மி.மீ. உள்ளே வரும். உயரத்தில், மேல் விளிம்பிலிருந்து 5.95 மி.மீ. இறங்கி ஒரு துளை, கீழ் விளிம்பிலிருந்து 5.95 மி.மீ. ஏறி இன்னொரு துளை. உங்கள் பெட்டியின் அகலம் வேறாக இருந்தால் 218-க்குப் பதில் அதை வைத்து இதே கணக்கைப் போடுங்கள், துளை அளவுகள் மாறாது.

திறப்பையும் சரிபார்க்க வேண்டும். 438-உடன் இரண்டு பக்கமும் 3 மி.மீ. காதுக் கனத்தைச் சேர்த்தால் 444. திறப்பு 450. ஒரு பக்கத்துக்கு 3 மி.மீ.தான் மிச்சம். உருண்டைத் தலை ஸ்க்ரூ போட்டால் அது சட்டத்தில் இடிக்கப் பார்க்கும். அதனால் காதுக்குள்ளேயே தலை அமிழ்ந்து போகும் கவுண்டர்சங்க் ஸ்க்ரூ போடுங்கள்.

ஒரே ஒரு அரை ரேக் பெட்டிதான் இருக்கிறது என்றால் ஒரு பக்கம் குட்டிக் காது, மறுபக்கம் 242 மி.மீ. நீளக் காது என்று செய்வது உண்டு. ஒரே இடத்தில் கிடக்கும் ஸ்டூடியோ ரேக்குக்கு அது போதும். வேனில் போய்வரும் பெட்டிக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன். நீளக் காது ஒவ்வொரு குலுக்கலுக்கும் மடங்கி மடங்கி, கடைசியில் கருவியின் மூடி ஸ்க்ரூவைப் பிய்த்துவிடும். அப்படிப்பட்டவர்கள் கீழே வரும் தட்டு முறைக்குப் போய்விடுங்கள்.

என்ன உலோகம்

ஸ்டெயின்லெஸ் தகட்டை 1980-களின் தொடக்கத்திலிருந்து உருட்டித் தரும் ஆலை நம் சேலத்திலேயே இருப்பதால், அதையே எடுத்துக்கொள்ளலாமே என்று தோன்றும். முதல் வேலைக்கு வேண்டாம். ட்ரில் கொஞ்சம் வேகமாகச் சுற்றினாலே ஸ்டெயின்லெஸ் அந்த இடத்தில் இறுகிவிடும், பிட் மழுங்கிவிடும். மெதுவாக, எண்ணெய் விட்டு, அழுத்திப் போடப் பழகிய கைக்குத்தான் அது சரி. அலுமினியம் இளகிய உலோகம், எடையும் குறைவு. ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையில் வெட்டிய பாக்சைட்தான் மேட்டூர் ஆலைக்குப் போய் அலுமினியமாக வந்தது. அந்த மலைக்கே அலுமினியக் காதோடு ஏறுவதில் எனக்குத் தனி சந்தோஷம்.

நமக்கு வேண்டியது 50-க்கு 25 மி.மீ. எல் ஆங்கிள், 3 மி.மீ. கனம். 50 மி.மீ. பக்கம் கருவியின் பக்கவாட்டில் பின்னோக்கிப் போகும், 25 மி.மீ. பக்கம் முன்னால் காதாக விரியும். இரண்டு காதுக்கும் சேர்த்து 9 செ.மீ. நீளம் போதும். எனவே முழு நீளம் வாங்க வேண்டியதில்லை. அலுமினியப் பார்டிஷன், ஜன்னல் வேலை செய்யும் கடையில் போய், "அண்ணா, அம்பதுக்கு இருபத்தஞ்சு எல் ஆங்கிள்ல வெட்டு மிச்சம் ஒரு அடி இருக்குங்களா? ஒரு நூல் கனம் வேணுங்க" என்று கேளுங்கள். ஒரு நூல் என்பது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு, 3 மி.மீ.க்குக் கொஞ்சம் கூட. பார்டிஷன் வேலைக்கு வைத்திருப்பது பெரும்பாலும் இதைவிட மெல்லியதாக இருக்கும். விரலால் அழுத்தினால் வளைகிறதென்றால் வாங்காதீர்கள். அங்கே கிடைக்காவிட்டால் பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போட்டிருப்பார்கள்.

கனத்தை நூலில் கேட்கலாம். துளைகளின் அளவை மட்டும் மில்லிமீட்டரிலேயே வைத்துக்கொள்ளுங்கள், அந்த நுணுக்கத்துக்கு நூல் கணக்கு எட்டாது.

அட்டையில் ஒரு ஒத்திகை

உலோகத்தைத் தொடுவதற்கு முன் பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையில் காதை வரைந்து, வெட்டி, துளை போட்டு, ரேக் சட்டத்தில் வைத்துப் பாருங்கள். துளைகள் ஒன்றோடொன்று நேராக விழுகின்றனவா? பெட்டி நடுவில் உட்காருகிறதா? பத்து நிமிட வேலைதான். இதைத் தவிர்த்து நான் வீணாக்கிய அலுமினியத் துண்டுகள் இன்னும் டப்பாவில் கிடக்கின்றன.

பக்கவாட்டு ஸ்க்ரூவின் இடத்தைக் குறிக்க ஒரு சுலப வழி இருக்கிறது. ஸ்க்ரூவைக் கழற்றிவிட்டு, அந்தப் பக்கத்தில் வெள்ளைத்தாளை இழுத்து ஒட்டி, பென்சிலைச் சாய்த்துத் தேயுங்கள். துளையின் வட்டம் தாளில் விழும். முன் விளிம்பும் கீழ் விளிம்பும் அதே தாளில் பதியும்படி தேய்த்தால், அந்தத் தாளை அப்படியே ஆங்கிளில் ஒட்டி, மையத்தில் பஞ்ச் அடித்துவிடலாம். வலது பக்கத் தாளும் இடது பக்கத் தாளும் கண்ணாடிப் பிம்பம் போல எதிரெதிராக இருக்கும். மறக்காமல் 'வலது', 'இடது' என்று எழுதுங்கள்.

வெட்டு, துளை, அரம்

ஆங்கிளை வைஸில் பிடித்து, மூலைமட்டம் வைத்துக் கோடு கிழித்து, 44 மி.மீ.க்குச் சற்றுக் கூடுதலாக இரண்டு துண்டு வெட்டுங்கள். இரண்டையும் முதுகோடு முதுகாகச் சேர்த்துப் பிடித்து 43.65 வரும்வரை அரம் போடுங்கள். சேர்த்தே அராவினால் இரண்டும் ஒரே உயரத்தில் வரும். 25 மி.மீ. காதை 22.3-க்குக் குறைப்பதும் அரத்தால்தான். அலுமினியத் தூள் அரத்தின் பல்லில் அப்பிக்கொள்ளும். அரத்தின் மேல் சாக்பீஸைத் தேய்த்துவிட்டு அராவினால் அப்பாது.

துளைக்கு முதலில் சென்டர் பஞ்ச், பிறகு 3 மி.மீ. பிட், கடைசியாக முழு அளவு. ரேக் ஸ்க்ரூ எம்6, அதாவது 6 மி.மீ. விட்டம், என்றால் துளை 6.5 மி.மீ. ஒரு சொட்டு மண்ணெண்ணெய் விட்டால் வெட்டு வழவழவென்று வரும். துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு துளை போடவே கூடாது. பிட் மறுபக்கம் வெளிவரும் நொடியில் துண்டைக் கவ்விச் சுழற்றும், அந்த விளிம்பு விரலை அறுத்துவிடும். அடியில் மரக்கட்டை வைத்து, வைஸிலோ கிளாம்பிலோ இறுக்குங்கள். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள்.

முன்காதுத் துளைகளை வட்டமாக விடாமல், படுக்கை வாட்டில் 10 மி.மீ. நீள முட்டை வடிவமாக ஆக்குங்கள். மையத்துக்கு இருபுறமும் 1.75 மி.மீ. தள்ளி இரண்டு துளை போட்டு, நடுவே இருப்பதை உருண்டை அரத்தால் எடுத்துவிடலாம். நம் அளவில் ஒரு மில்லிமீட்டர் பிசகினாலும் இந்த நீளத் துளை சமாளித்துக்கொள்ளும். எங்கள் தெருவில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் அண்ணன் கழித்துப்போட்ட சின்ன அரங்களைக் கொடுத்தார். இந்த வேலைக்கு அதைவிட நல்ல கருவியை நான் பார்த்ததில்லை. கடைசியில் எல்லா விளிம்பையும் உப்புத்தாளில் தேய்த்துவிடுங்கள். இருட்டில் ஒயர் மாட்டும்போது நம் கைதான் அங்கே போகும்.

கருவியில் மாட்டுவது

கருவியின் பெட்டியில் புதுத் துளை எதுவும் போடாதீர்கள். எவ்வளவு கவனமாகப் போட்டாலும் உலோகப் பொடி உள்ளே விழும். அது இன்று ஒன்றும் செய்யாமல் இருந்துவிட்டு, என்றோ ஒரு நாள் குலுங்கி, சர்க்யூட் போர்டில் இரண்டு காலைச் சேர்த்து ஷார்ட் ஆக்கிவிடும். இருக்கும் ஸ்க்ரூத் துளை மட்டும் போதும்.

ஸ்க்ரூ நீளத்தில் கவனம் வேண்டும். பழைய ஸ்க்ரூ 6 மி.மீ. உள்ளே போனது என்றால் புதியதும் அதற்கு மேல் போகக் கூடாது, நீண்டால் உள்ளே போர்டைத் தொடும். கவுண்டர்சங்க் ஸ்க்ரூவுக்குத் தலையையும் சேர்த்துத்தான் நீளம் சொல்வார்கள். 3 மி.மீ. காதுக்கு 8 மி.மீ. ஸ்க்ரூ போட்டால் 5 மி.மீ. உள்ளே போகும், அது சரி. ஸ்க்ரூவின் புரியும், அதாவது மரையும், முக்கியம். ஜப்பான் பெட்டிகளில் பெரும்பாலும் எம்3 இருக்கும், அமெரிக்கப் பெட்டிகளில் அங்குலப் புரி வரலாம். பழைய ஸ்க்ரூவையே கடைக்குக் கொண்டுபோய்ப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கையால் முதல் இரண்டு சுற்று லேசாக ஏற வேண்டும். ஏறாவிட்டால் திருப்புளியால் வம்பு பண்ணாதீர்கள்.

இரண்டு பெட்டிகளை ஒன்றோடொன்று சேர்க்க, கால் ரப்பர் ஸ்க்ரூ இருந்த துளைகளில் 2 மி.மீ. அலுமினியப் பட்டை இரண்டு போடுங்கள். முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. இங்கேயும் கவுண்டர்சங்க்தான். பெட்டி 41 மி.மீ. உயரத்துக்குள் இருந்தால் பட்டையோடு சேர்த்து 1 யூவுக்குள் அடங்கும். அதற்கு மேல் என்றால் தட்டுதான்.

தட்டு முறை

பிளாஸ்டிக் பெட்டி, கிதார் பெடல், பக்கத்தில் ஸ்க்ரூவே இல்லாத கருவி, ஒற்றை அரை ரேக் எல்லாவற்றுக்கும் இதுதான் வழி. உண்மையைச் சொன்னால், மலை ஏறுகிற பெட்டிக்கு எல்லா நிலையிலும் நான் இதையே விரும்புவேன். எடை முழுவதும் தட்டில் உட்காரும், கருவியின் ஸ்க்ரூவுக்குச் சுமையே இல்லை.

1.6 மி.மீ. அலுமினியத் தகட்டில் வெளி அகலம் 440, ஆழம் 200, இரு பக்கச் சுவர் 40 மி.மீ. உயரம் என்று ஒரு திறந்த தட்டு. தகடு வளைக்கும் பட்டறையில் படம் வரைந்து கொடுத்து, "எல்லாம் வெளி அளவுங்கண்ணா" என்று சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் உள் அளவாக எடுத்துக்கொள்வார்கள், தட்டு 3 மி.மீ. கூடிவிடும். மேலே செய்த அதே எல் ஆங்கிள் காதுகளைச் சுவரில் ரிவெட் அடித்துச் சேருங்கள். இப்போது காது நீளம் 482.6-இல் 440 போய், மிச்சத்தில் பாதி, 21.3 மி.மீ.

தட்டில் கருவியை எப்படிப் பிடிப்பது? வெல்க்ரோ மட்டும் போதாது. சித்திரை வெயிலில் மூடிய வேனுக்குள் கிடந்தால் அதன் பசை இளகிவிடும். கருவியின் மேல் குறுக்காக ஒரு அலுமினியப் பட்டை, அதன் இரு முனையிலும் தட்டோடு நீள போல்ட், பட்டைக்கு அடியில் சைக்கிள் ட்யூபில் வெட்டிய ரப்பர். கருவியில் கீறல் விழாது, நகரவும் நகராது. பட்டையும் போல்ட் தலையும் தட்டோடு சேர்ந்து 1 யூவைத் தாண்டினால், மேலே ஒரு யூவைக் காலியாக விட்டுவிடுங்கள்.

அடாப்டரும் இரைச்சலும்

என்னுடைய கருவி உடைந்தது சாக்கெட்டில்தான் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். அடாப்டர் ஒயர் சாக்கெட்டிலிருந்து தொங்கக் கூடாது. தட்டின் பின்பக்கம் 5 மி.மீ. துளைகள் ஒரு வரிசை போட்டு, சாக்கெட்டுக்கு ஒரு சாண் தள்ளி கேபிள் டையால் ஒயரைக் கட்டுங்கள். கொஞ்சம் தளர்வு விட்டுக் கட்ட வேண்டும்.

ஒவ்வொரு அடாப்டரிலும் எந்தக் கருவிக்கு உரியது என்று எழுதி ஒட்டுங்கள். பின் ஒரே மாதிரி இருக்கும், உள்ளே வேறு. பாஸ் பெடல்களுக்கு 9 வோல்ட் டி.சி., பின்னின் நடுவில் மைனஸ். அலெசிஸ் நானோவெர்புக்கு 9 வோல்ட் ஏ.சி. மாற்றிச் செருகினால் கருவி போய்விடும். டிரான்ஸ்பார்மர் உள்ள கனமான அடாப்டரைக் கருவிக்கு ஒட்டி வைக்காதீர்கள். அதன் காந்தப்புலம் 'ம்ம்ம்' என்ற இரைச்சலாக ஒலியில் ஏறும். ரேக்கின் பின் மூலைக்குத் தள்ளுங்கள்.

சரி, தள்ளியும் இரைச்சல் போகவில்லையா? கருவியின் உலோக உடம்பு காது வழியாக ரேக்கையும், ரேக் வழியாக ஆம்ப்ளிபயரையும் தொடுகிறது. ஏற்கெனவே ஆடியோ ஒயரின் ஷீல்டு, அதாவது உள்ளே சுற்றியிருக்கும் உலோக உறை, வழியாக ஒரு தொடர்பு இருக்கிறது. இரண்டும் சேர்ந்து ஒரு வளையமாகிவிடும், இரைச்சல் அதன் வழியாக ஏறும். காதுக்கும் சட்டத்துக்கும் நடுவில் நைலான் காலர் வாஷர் போட்டால் அந்த வளையம் அறுந்துவிடும். ஆம்ப்ளிபயர் பிளக்கின் எர்த் காலை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் பிடுங்காதீர்கள். இரைச்சல் நிற்கும்தான், ஆனால் ஈரத்தரையில் நின்று மைக் பிடிப்பவரின் உயிர் அந்தக் காலில்தான் இருக்கிறது.

பெயிண்டும் முதல் பயணமும்

அலுமினியத்தில் நேராகப் பெயிண்ட் ஒட்டாது. உப்புத்தாள் போட்டு, அலுமினியத்துக்கு என்று கேட்டு வாங்கிய பிரைமர் அடித்து, அதன் மேல் கரும்பலகைக் கறுப்பு அடித்தால் மேடை வெளிச்சத்தில் பளபளக்காமல் ரேக்கோடு ஒன்றிப்போகும்.

எல்லா நட்டுக்கும் ஸ்ப்ரிங் வாஷர் அல்லது நைலான் உள்ள நட்டு போடுங்கள். மாட்டி முடித்ததும் ரேக்கைச் சாய்த்து, குலுக்கி, உங்கள் காதை வைத்துக் கேளுங்கள். கடகட என்று ஏதாவது கேட்டால் அதைக் கண்டுபிடிக்காமல் வேனில் ஏற்றாதீர்கள். முதல் பயணம் முடிந்து வந்ததும் எல்லா ஸ்க்ரூவையும் ஒரு முறை இறுக்குங்கள், ரப்பரும் பெயிண்டும் அமுங்கியதில் கால் சுற்று எப்படியும் ஏறும். அப்புறம் நீங்கள் போட்ட ஸ்க்ரூக்களின் அளவை ஒரு துண்டு டேப்பில் எழுதி, ரேக்கின் உள் சுவரில் ஒட்டிவிடுங்கள். கூடவே ஒரு சின்ன டப்பாவில் அதே ஸ்க்ரூ நாலைந்து.